அப்பா ஏறும் டேங்க்

ஃபுஜைரா கடற்கரை ரோட்டில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள்: மலைக்கும் கடலுக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாக எண்ணெய் டேங்குகள். "அப்பா என்ன பண்றார்?" என்று ஸ்கூலில் கேட்டால், "ஆயில் கம்பெனி" என்று சொல்லி முடித்துவிடுவேன். அந்த மாதிரி டேங்கின் உச்சியில் ராடார் மாட்டும் டெக்னீஷியன் அவர் என்று சொல்ல அப்போது கூச்சம்.

ராடார் வருவதற்கு முன் டேங்க் மேல் ஏறி, மூடியைத் திறந்து, டேப்பை இறக்கித்தான் அளவு பார்ப்பார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது இங்கே சட்டம். ஆனால் காலை 11 மணிக்கே படிக்கட்டுக் கைப்பிடி சுடும். அதைவிட மோசம், மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாயு. அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை இப்படிக் கச்சா எண்ணெய் டேங்கில் அளவோ சாம்பிளோ எடுக்கப் போன 9 பேர் இறந்திருக்கிறார்கள். 'துல்லியமாக அளக்கும்' என்று சொல்லித்தான் ராடாரை விற்கிறார்கள். ஒரு மனுஷன் அந்த மூடியைத் திறக்க வேண்டாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

ராடார் அலை 10 மீட்டர் கீழே போய் எண்ணெயில் பட்டுத் திரும்ப சுமார் 67 நானோ நொடி ஆகும். அதை வைத்துத்தான் கணக்கு. ஆனால் சுவரை ஒட்டி மாட்டினால் சுவரின் எதிரொலி குழப்பும். எண்ணெய் கொட்டும் குழாய்க்கு நேராக மாட்டினால் அந்தத் தாரையையே மட்டம் என்று நினைத்துக்கொள்ளும். டேங்கின் உயரத்தைத் தப்பாகப் பதிந்தால், திரையில் வரும் எண் அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

2005 டிசம்பர் 11, இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட். 912-ஆம் எண் டேங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருக்க, அளவுமானி (அது ராடார் அல்ல, வேறு வகை) அதிகாலை 3 மணிவாக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நிரம்பினால் தடுக்கத் தனியாக ஒரு சுவிட்ச் இருந்தது. அதைச் சோதிக்கும் நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்த ஒரு பூட்டு போட வேண்டும். அந்தப் பூட்டு எதற்கு என்று அங்கே யாருக்கும் புரியவில்லை, போடவும் இல்லை. பெட்ரோல் வழிந்தது, 6 மணிக்கு வெடித்தது. 40 பேருக்கு மேல் காயம்.

அதனால்தான் ராடார் வாங்கியதோடு கம்பெனி கையைக் கழுவக்கூடாது என்கிறேன். அதோடு சேராத தனி அலாரம் ஒன்று வேண்டும், இரண்டையும் அடிக்கடி சோதிக்க வேண்டும், மாட்டியவரையே உட்காரவைத்து ஆபரேட்டர்களுக்கு விளக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் விளக்குவது ஏசி ரூமில் இருக்கும் எஞ்சினியர்தான். (எஞ்சினியரிங் படிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம், நானும் அதைத்தான் படிக்கிறேன்.)

அப்பா இப்போதும் அவ்வப்போது டேப்போடு ஏறுகிறார், ராடார் சொல்வது சரியா என்று பார்க்க. வாயு டிடெக்டர் சட்டையில் இருக்கும், கூட ஒருத்தர் நிற்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்பது, "இன்னைக்கு ஏறினீங்களா?"