தமிழ் நாடகத்துக்குச் சொந்த வீடு எப்போது?

1922–ம் ஆண்டில் நாடக உலகில் இரண்டு சம்பவங்கள் நடந்தன.

ஜனவரி 25–ந் தேதி, ஆர்மீனியா நாட்டின் தலைநகரமான எரவானில் ஒரு நாடக அரங்கம் திறக்கப்பட்டது. அரசாங்கமே தொடங்கிய அரங்கம் அது.

அதே ஆண்டு நவம்பர் மாதம், புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் காலமானார். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்பட்டவர் அவர். அவரிடம் பாடம் கேட்ட சிறுவர்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் ஆடினார்கள். ஓர் ஊரில் கொட்டகை போடுவார்கள். வசூல் குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர்!

100 ஆண்டுகள் ஓடிவிட்டன. எரவான் அரங்கம் இன்றும் நடக்கிறது. தமிழ் நாடகம் இன்றும் மூட்டையோடுதான் அலைகிறது.

மீனவன் கதை

ஆர்மீனியா பெரிய தேசம் அல்ல. மக்கள் தொகை சுமார் 30 லட்சம். சென்னை மாநகரத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர்கூட அங்கே இல்லை. ஆனால் சென்னைக்கும் ஆர்மீனியர்களுக்கும் பழைய உறவு உண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726–ல் பாலம் கட்டியவர், உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. (இப்போது அந்த இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம்.) உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அச்சானதும் சென்னையில்தான். ஆண்டு 1794.

எரவான் அரங்கத்தில் முதல் நாள் நடந்த நாடகம் "பெப்போ". எழுதியவர் கேப்ரியல் சுந்துக்கியான். பெப்போ ஓர் ஏழை மீனவன். தங்கையின் கல்யாணத்துக்கு வரதட்சணை வேண்டும். அவனுடைய தகப்பனார் ஒரு பெரிய வியாபாரியிடம் பணம் கொடுத்து வைத்திருந்தார். கடன் சீட்டைக் காணோம். "பணமா? யார் வாங்கியது?" என்று கையை விரித்துவிட்டான் வியாபாரி. கல்யாணம் நின்றது. பிறகு சீட்டு கிடைக்கிறது. வியாபாரி பயந்துபோய்ப் பேரம் பேச வருகிறான். பெப்போ மசியவில்லை!

மயிலாப்பூர் மாட வீதியில்கூட நடக்கக்கூடிய கதைதானே இது?

சுந்துக்கியான் பெயரையே அந்த அரங்கத்துக்கு வைத்துவிட்டார்கள். இப்போதுள்ள கட்டிடம் 1966–ல் எழும்பியது. 1991–ல் சோவியத் ஆட்சி போயிற்று. நாட்டின் கொடியே மாறிற்று. அரங்கத்தை மட்டும் யாரும் மூடவில்லை.

வக்கீல் போட்ட வேஷம்

தமிழர்களிடம் திறமை இல்லையா? உண்டு. ஏராளமாக உண்டு.

"கூத்தாடி" என்று ஏசிய காலத்தில், 1891–ல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார் பம்மல் சம்பந்த முதலியார். பின்னாளில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர் அவர். அவரே அரிதாரம் பூசி மேடை ஏறினார். படித்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

பிறகு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் பெருகின. ரசிக ரஞ்சனி சபா, வாணி மகால் என்று சொன்னாலே பழைய சென்னைவாசிகள் நாடகங்களை அடுக்குவார்கள். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ், தி.ஜானகிராமனின் "நாலு வேலி நிலம்" நாடகத்தைப் போட்டது. ஒய்.ஜி.பார்த்தசாரதி 1952–ல் குழு தொடங்கினார். கே.பாலசந்தர் பகலில் அரசாங்க ஆபீசில் கணக்குப் பார்த்தார், மாலையில் நாடகம் போட்டார்.

ஆனால் சபாவின் வழக்கம் என்ன? உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். காரியதரிசி ஒரு நாடகத்தை ஏற்பாடு செய்வார். ஒரு மாலை நடக்கும். அன்று இரவே சோபாவையும் கதவையும் வேனில் ஏற்ற வேண்டும். மறுநாள் அதே மேடையில் கச்சேரியோ நடனமோ! இதனால்தான் பல நாடகங்கள் ஒரு வீட்டின் கூடத்தைத் தாண்டவே இல்லை. அரண்மனை சீனை எந்த வேனில் ஏற்றுவது?

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. குழுவை நடத்தியவர் மறைந்தால், பெரும்பாலும் நாடகமும் மறைந்துவிடுகிறது. டி.கே.சண்முகம் "அவ்வையார்" வேஷத்தில் புகழ் பெற்றவர். லாயிட்ஸ் ரோட்டுக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் மாற்றினார்கள். நல்ல காரியம். ஆனால், 1973–ல் அவர் போன பிறகு அந்த நாடகத்தைக் காப்பாற்றி வைக்க ஓர் இடம் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு "அவ்வை சண்முகி" சினிமாதான் தெரியும்!

அடையாறில் முடிந்ததே!

நடனத்துக்கு இந்தக் கதி இல்லை. 1936–ல் ருக்மிணி தேவி அடையாறில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். பிறகு அது திருவான்மியூருக்கு மாறியது. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது. அரங்கம் இருக்கிறது. ஆடுவதற்கு ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள். அதனால் அவர் அமைத்த ராமாயண நாட்டிய நாடகங்கள், 1986–ல் அவர் மறைந்த பிறகும் மேடை ஏறுகின்றன.

நாடகத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் 20 நடிகர்கள், ஒரு தச்சர், ஒரு தையல்காரர், சொந்த மேடை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ, பஸ்சில் குடும்பத்தோடு வந்து போகும் தூரத்தில் அது இருக்க வேண்டும். சம்பந்த முதலியார் நாடகம் ஒரு மாதம், ஜானகிராமன் நாடகம் ஒரு மாதம், புதியவர் நாடகம் ஒரு மாதம் என்று நடக்க வேண்டும்.

"அரசாங்கப் பணம் வாங்கினால் அரசாங்கத்துக்குத்தானே தாளம் போட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1968–ல் சோ போட்ட "முகமது பின் துக்ளக்" நாடகம் அரசியல்வாதிகளை ஒரு பிடி பிடித்தது. எந்த சர்க்கார் அரங்கமும் அதற்குக் கதவைத் திறந்திருக்காது. ஆகவே சபாக்களும் இருக்கட்டும். திட்டுகிற நாடகம் அங்கே நடக்கட்டும். பழைய நாடகங்களைக் காப்பாற்றும் வேலையைப் புதிய அரங்கம் செய்யட்டும். எந்த நாடகம் என்று முடிவு செய்யும் பொறுப்பை நாடகக்காரர்களிடமே விட வேண்டும். மந்திரிகள் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இதற்கு மாதிரி தேட எரவான் வரை போக வேண்டியதில்லை. கர்நாடக அரசு 1989–ல் மைசூரில் "ரங்காயணா" என்ற நாடகக் குழுவை அமைத்தது. பி.வி.காரந்த் அதன் முதல் இயக்குனர். அது இன்றும் நடக்கிறது. சென்னையில் இரவு ரெயில் ஏறினால் காலையில் மைசூர். அதிகாரிகள் இரண்டு பேர் போய், சம்பளம் எவ்வளவு, செலவு எவ்வளவு, கூட்டம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வரட்டும்.