காட்டு முயல் வேறு, கூண்டு முயல் வேறு

புதுச்சேரியின் வீராம்பட்டினத்தை ஒட்டிய கடலோரச் சவுக்குத் தோப்புகளிலிருந்து வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மணிலா (நிலக்கடலை) கொல்லைகள் வரை முயலைப் பற்றி ஒரு கூற்று வழக்கில் உள்ளது. புதரில் ஓடுவதும் கூண்டில் வளர்வதும் ஒரே முயல்தான் என்றும், எலியின் உறவான அது வளை பறித்து வாழ்ந்து மாதந்தோறும் குட்டி போடுவதால் எத்தனை பிடித்தாலும் குறையாது என்றும் அக்கூற்று சொல்கிறது. படித்தவர்களும் ஐயமின்றி ஏற்கும் இதில் சரியானது ஒன்றும் இல்லை.

இரண்டும் ஒரே விலங்கு என்பதே முதற்பிழை. தென்னிந்தியாவின் புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழ்வது, பிடரியில் கருந்திட்டு உடைய கரும்பிடரி முயல். விலங்கியலார் இதை லெபஸ் நிக்ரிகோலிஸ் என்பர். கூண்டில் வளரும் வெள்ளை, சாம்பல், அங்கோரா வகைகள் அனைத்தும் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரிய மண்ணைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயலின், அதாவது ஒரிக்டோலாகஸ் குனிகுலஸ் என்ற இனத்தின், வழிவந்தவை. முயல் குடும்பத்தில் 11 பேரினங்கள் (நெருங்கிய இனங்களைச் சேர்த்துக் கட்டும் தொகுதிகள்) உள்ளன. அவற்றுள் லெபஸ் ஒன்று, ஒரிக்டோலாகஸ் மற்றொன்று. முன்னதன் உயிரணுவில் 48 குரோமோசோம்களும் பின்னதில் 44 குரோமோசோம்களும் இருப்பதோடு, இவை இரண்டும் கூடிக் கலப்பினம் தோன்றியதாக உறுதிப்பட்ட சான்று எதுவும் இல்லை. ஆகவே கூண்டு முயலைத் தோப்பில் விட்டால் காட்டு முயல் பெருகும் என்பதும் வீண் நம்பிக்கையே. நாய்க்கும் கீரிக்கும் இரையாகாமல் தப்பும் சில முயல்களும் நோயைப் பரப்பக்கூடும். 1984இல் சீனாவில் கூண்டு முயல்களிடையே முதன்முதலில் அறியப்பட்ட இரத்தக்கசிவு நோயின் பிந்திய வகை ஒன்று, ஐரோப்பாவில் லெபஸ் இனங்கள் சிலவற்றையும் தாக்கியிருக்கிறது.

எலியின் உறவு என்ற இரண்டாம் பகுதிக்கு நெடிய விடை தேவையில்லை. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகிய கொறிக்கும் விலங்குகளின் மேல்தாடையில் ஒரே ஒரு இணை வெட்டுப்பற்களே உண்டு. முயலின் உதட்டைத் தூக்கிப் பார்த்தால், பெரிய வெட்டுப்பற்களுக்கு நேர் பின்னே முளைக்குச்சி போன்ற சிறு பற்கள் இரண்டு ஒட்டி நிற்பதைக் காணலாம். இவ்வேறுபாட்டையும் பிறவற்றையும் கருதி, 1912இல் கிட்லி என்னும் ஆய்வாளர் முயல்களைக் கொறிக்கும் விலங்குகளிலிருந்து பிரித்து லாகோமார்பா என்ற தனி வரிசையில் வைத்தார். இவ்வரிசையில் முயலுக்கு உள்ள ஒரே துணை, இமயத்திலும் பிற குளிர் நிலங்களிலும் வாழும் வாலற்ற பைக்கா.

வளை பறித்து வாழ்கிறது என்பது, கூண்டு முயலின் மூதாதையிடம் கண்டதைக் காட்டு முயலின் மேல் ஏற்றிச் சொல்வதாகும். ஐரோப்பிய முயல் மண்ணுக்கடியில் கிளைவிட்டுச் செல்லும் வளைகளில் கூட்டமாக வாழ்வது. சினை முயல் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிப் படுக்கை அமைக்க, அதில் மயிரற்று, கண் திறவாத குட்டிகள் பிறக்கின்றன. கரும்பிடரி முயலோ வளை பறிப்பதில்லை. கோரைக்கும் புதருக்கும் இடையே உடல் அளவுக்கு அழுந்திய பள்ளமே அதன் கிடை. பகலில் காதுகளை முதுகோடு ஒட்ட மடித்து அதில் அசையாது படுத்திருந்து, ஆள் காலடி வைக்கும் அளவுக்கு நெருங்கிய பிறகே துள்ளி வளைந்து வளைந்து ஓடும். துரத்தப்படும்போது நரி விட்டுச்சென்ற பொந்தில் ஒதுங்குவதும் உண்டு. வளை பறிக்கும் முயல் என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டிருக்கலாம். மறைவிடம் இல்லாத திறந்த வெளியில் பிறக்க வேண்டியிருப்பதால், அதன் குட்டி உடல் முழுவதும் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, சிறிது நேரத்தில் நகரவும் செய்கிறது. வளை என்பது முயல்கள் அனைத்திற்கும் பொது என்பதும் தவறு. அமெரிக்காவின் பஞ்சுவால் முயல்களில் பெரும்பாலானவை வளை தோண்டுவதில்லை.

இனி, எத்தனை பிடித்தாலும் குறையாது என்ற கூற்று. வேட்டைக்கு நியாயம் தேடித் தருவதால் கேடு மிகுந்தது இதுவே. இதற்குச் சான்றாக எப்போதும் ஆஸ்திரேலியாவே காட்டப்படுகிறது. 1859இல் விக்டோரியா மாநிலத்துப் பார்வன் பார்க் பண்ணையில் தாமஸ் ஆஸ்டின் விட்ட சில முயல்கள் கண்டம் முழுதும் பரவி, 1950இல் மிக்சோமா நச்சுயிரைப் பரப்பி அவற்றை அடக்க வேண்டிய நிலை வந்தது உண்மைதான். ஆனால் அவை ஐரோப்பிய வளை முயல்கள். அதே ஆஸ்திரேலியாவில் லெபஸ் பேரினத்தைச் சேர்ந்த ஐரோப்பியப் பழுப்பு முயலும் கொண்டுவிடப்பட்டு நிலைத்தது. அது அவ்வாறு பெருகவில்லை. புதுச்சேரியோடு பழந்தொடர்புள்ள மொரிசியசிலும் இரு வகையும் கொண்டுவிடப்பட்டன: அங்கே வட்டத் தீவின் மரஞ்செடிகளை ஆடுகளோடு சேர்ந்து அழித்து, 1986இல் முற்றாக ஒழிக்கப்பட்டவை ஐரோப்பிய முயல்களே. தமிழ்நாட்டுப் புதர்களில் வாழும் கரும்பிடரி முயலும் அந்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டதுதான் எனினும், அப்பழி அதனுடையதன்று. கூண்டு முயல் ஏறத்தாழ ஒரு மாதச் சினைக்குப் பின் ஆறேழு குட்டிகள் ஈனுவது இயல்பு. கரும்பிடரி முயலின் ஈற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிகளே, மிஞ்சினால் நான்கு. ஆக, பெருக்கத்தை நம்பி இழப்பை ஈடுசெய்யும் உயிரன்று இது. முயல் குடும்பத்திலேயே அழிவின் விளிம்பில் நிற்பவை பல என்பதற்கு அசாமின் மானஸ் புல்வெளியில் எஞ்சிய சுணைமயிர் முயலும், தென்னாப்பிரிக்காவின் ஆற்றோர முயலும் போதுமான சான்றுகள்.

கரும்பிடரி முயல் மணிலா இளம்பயிரைக் கடிக்கிறது என்று உழவர் சொல்லும் குறையில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் அதன் முதன்மை உணவு புல்லே என்பதால், பன்றி விளைவிக்கும் சேதத்தோடு இதை ஒப்பிடுவது மிகை.

தாய் கைவிட்டதாக எண்ணித் தோப்புகளில் கிடக்கும் குட்டிகளை வீட்டுக்கு எடுத்துச்செல்வதும் இரு முயலையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பத்தின் விளைவே. லெபஸ் தாய்கள் எதிரிக்கு மோப்பம் கிட்டாதிருக்கப் பகலெல்லாம் குட்டியைவிட்டு விலகியிருந்து, பெரும்பாலும் அந்திக்குப் பின் ஒருமுறை மட்டும் வந்து பால் கொடுக்கும் இயல்புடையவை. ஆகவே தனித்துக் கிடக்கும் குட்டி ஆதரவற்றதன்று. அதைக் காண்பவர்கள் தொடாமல் விலகிச் செல்ல வேண்டும். கூண்டு முயலைப் பண்ணையில் வளர்ப்பதற்குத் தடையில்லை. காட்டு முயலைக் கண்ணி வைத்தோ நாய் விட்டோ பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.