விருந்தா, மருந்தா?

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் நாட்டுப் பழமொழி. இரண்டுக்கும் அளவு உண்டு என்று சொன்ன நம் முன்னோர்கள், இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. விருந்து நாவுக்கு இனிக்கும், மருந்து கசக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஐரோப்பாவிலே இந்த இரண்டும் ஒரே புட்டிக்குள் குடியிருக்கும் விந்தையைக் காணலாம்.

ஜெர்மனியில் வுல்ஃபன்பியூட்டல் என்ற ஊரில் 'யேகர்மைஸ்டர்' என்னும் மூலிகை மதுபானம் தயாராகிறது. 'வேட்டைத் தலைவன்' என்பது இந்தப் பெயரின் பொருள். கர்ட் மாஸ்ட் என்பவர் 1934-ல் இதன் பக்குவத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு இது கடைக்கு வந்தது. இதில் 56 வகைச் சரக்குகள் சேருகின்றன. இஞ்சி, ஏலம், லவங்கப்பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் உண்டு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியும் நாட்டு மருந்துக் கடையும் கைகோத்துக்கொண்டு கடல் கடந்தது போல் இருக்கிறது அல்லவா? இதை முதன்முதலாக ஒரு மடக்கு குடித்தவர்களில் பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "இது இருமல் மருந்து!"

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான கதை. அங்கே 1966-ல் 'நைகுவில்' என்ற ஜலதோஷ மருந்து விற்பனைக்கு வந்தது. இரவில் குடித்துவிட்டுத் தூங்குவதற்கான பச்சை நிறத் திரவம், சோம்பு வாசனை. தொடக்கத்தில் அதில் ஆல்கஹால் என்னும் சாராயச் சத்து நூற்றுக்கு 25 பங்கு இருந்தது. யேகர்மைஸ்டரில் இருப்பது 35 பங்கு. திராட்சை மதுவிலோ சுமார் 12 பங்குதான். ஆகவே, மருந்தைக் குடித்தவர்கள் "இது மது மாதிரி இருக்கிறதே!" என்று சொன்னதில் வியப்பு என்ன?

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

பிரான்ஸ் நாட்டில் ஷார்த்ரூஸ் மடத்தைச் சேர்ந்த சந்நியாசிகளிடம் 1605-ல் ஓர் ஏட்டுப் பிரதி வந்து சேர்ந்தது. நீண்ட ஆயுள் தரும் 'எலிக்ஸர்' என்ற மருந்தின் செய்முறை அதில் எழுதியிருந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு, 1737-ல் அதற்கு முடிவான உருவம் கொடுத்தார்கள். 130 வகைத் தாவரங்கள். சாராயச் சத்து 69 பங்கு. சர்க்கரைக் கட்டியின்மேல் சில சொட்டுகள் விட்டுச் சாப்பிடுவது வழக்கம். அந்த மருந்தின் காரம் குறைந்த தம்பிதான் இன்று உலகெங்கும் விருந்துகளில் பரிமாறப்படும் பச்சை ஷார்த்ரூஸ். இத்தாலியில் மிலான் நகரில் 1845-ல் பிறந்த 'ஃபெர்னெட் பிராங்கா'வின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்த காலத்திலும், அது மருந்து என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விற்றது!

இனி ருசியின் காரணத்துக்கு வருவோம். மூலிகையின் கசப்பையும் வாசனை எண்ணெயையும் தண்ணீரால் முழுவதும் இழுத்துவிட முடியாது, சாராயம் இழுத்துவிடும். ஆகையால் மருந்து செய்தவரும் மது செய்தவரும் ஒரே வழியைக் கைக்கொண்டார்கள். வந்த சாறு கசந்தது. கசப்பை மறைக்கச் சர்க்கரையைக் கொட்டினார்கள். இன்றும் ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி 'லிக்யூர்' என்று பெயர் பெற வேண்டுமானால், பொதுவாக லிட்டருக்கு 100 கிராமாவது சர்க்கரை இருக்க வேண்டும். நம் வைத்தியர்கள் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தார்களே, அந்த அனுபான யுக்திதான் இது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மதுவில் ருசிதான் சரக்கு. அதற்காகவே பணம் கொடுக்கிறார்கள். மருந்தில் ருசி வெறும் போர்வை. உள்ளே இருக்கும் இரசாயனத்துக்கும் மேலே தெரியும் சோம்பு, புதினா வாசனைகளுக்கும் சம்பந்தமே இல்லை. போர்வையைத் தொட்டுப் பார்த்து ஆளை எடை போடலாமா? நாம் தினமும் அதைத்தான் செய்கிறோம். தொண்டையில் சுர்ரென்று இறங்கினால், "மருந்து வேலை செய்கிறது" என்கிறோம். மெந்தால் மூக்கில் ஏறினால், "அடைப்பு விட்டது" என்கிறோம். உண்மையில் மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். அடைப்பு அப்படியே இருக்கும். விட்டது போன்ற உணர்வு மட்டும் வரும். ஜலதோஷத்தைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை கிடையாது. அது வந்த வழியே தானாகப் போகிறது.

நாக்கை நம்பியதன் விலை என்ன என்பதை 1937-ல் அமெரிக்கா கண்டது. 'சல்ஃபனிலமைடு' என்ற மருந்தைத் திரவமாக விற்க விரும்பிய ஒரு கம்பெனி, அதை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. ராஸ்பெரிப் பழ வாசனை சேர்த்தது. ருசி பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், எல்லாம் திருப்தி. விஷமா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். இதில் கொடுமை என்னவென்றால், அந்த மருந்தைப் பறிமுதல் செய்ய அன்றைய சட்டத்தில் கிடைத்த காரணம் ஒன்றே ஒன்று. 'எலிக்ஸர்' என்றால் சாராயம் இருக்க வேண்டுமாம். இதில் சாராயம் இல்லையாம்! விஷம் குற்றமாகவில்லை, பெயர் குற்றமாயிற்று. அதன் பிறகே, 1938-ல், விற்பனைக்கு முன்பே மருந்தின் பத்திரத்தன்மையை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே பிறந்தது.

பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே டைஎத்திலீன் கிளைக்கால் 2025-ல் நம் நாட்டிலேயே மீண்டும் தலைகாட்டியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அந்த விஷமும் நாவுக்கு இனிப்பானதே. குழந்தை முகம் சுளிக்காமல் குடித்திருக்கும்; பெற்றவளும் நிம்மதி அடைந்திருப்பாள்.

தயாரிப்பாளர்களையும் சோதனைச் சாலைகளையும் கண்காணிப்பது அரசின் கடமை. அதில் தாட்சண்யம் கூடாது. மூலப்பொருள் ஒவ்வொன்றும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். பரிசோதித்த பிறகே புட்டி வெளியே வர வேண்டும்.

நம் கடமையும் ஒன்று உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், ஜலதோஷ மருந்து கூடாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக அது உகந்ததல்ல என்றும் 2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். அதற்குக் குறைந்த வயதில் தேனும் கூடாது. மூச்சுத் திணறலோ, விடாத காய்ச்சலோ இருந்தால் மருந்துக் கடைக்கு அல்ல, டாக்டரிடம் போக வேண்டும். குழந்தையை ஏமாற்றுவதற்காக மருந்தைச் 'சர்பத்' என்று சொல்லிப் பழக்குவதையும் தாய்மார்கள் விட்டுவிட வேண்டும். இன்று ஏமாந்த குழந்தை, நாளை தானே புட்டியைத் திறக்கும்.

மதுவின் ருசியைப் பற்றி நாக்கு தீர்ப்புச் சொல்லட்டும். மருந்து விஷயத்தில் அதைச் சாட்சிக் கூண்டில்கூட ஏற்றக் கூடாது.