குத்தகைப் பணத்தில் உப்பின் விலை சேராது

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறால் வாங்க வருபவர்கள், "கடல் இறாலா, குளத்து இறாலா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். கடல் வரத்து குறைந்த நாளிலும் குளத்து இறால் கிடைப்பது வாங்குவோருக்கு வசதியே. ஆனால், அது எந்த மண்ணில் வளர்ந்தது, பக்கத்து வயல் என்ன ஆயிற்று என்பது மார்க்கெட் தராசில் தெரியாது. அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியவர் கடலோரத்துச் சிறு விவசாயிதான்.

இறால் வளர்ப்பு கெட்ட தொழில் அல்ல. பயிருக்கு உதவாத உவர் நிலத்தில், முறையாகப் பதிவு செய்து, கழிவு நீரைச் சுத்தம் செய்து வெளியேற்றினால், அது நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் ஊருக்கு வருமானமும் தரும். நெல் விளையும் வயலைக் குட்டையாக வெட்டும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. நெல் கட்டுபடியாகாத ஆண்டில் ஒருவர் கை நிறையக் குத்தகைப் பணத்துடன் வந்தால், கடன்பட்ட விவசாயியின் மனம் தடுமாறுவது இயற்கை. முன்பணத்தை வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. குட்டையில் அதை 20 கிராமாகக் குறைத்து வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு ஏக்கர் குட்டையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தேங்கும் நீர் சுமார் 40 லட்சம் லிட்டர். அதில் உள்ள உப்பு 80 டன்! நீர் தேங்கி நிற்கும் மாதங்களில் இதில் ஒரு பகுதி அடிமண்ணில் இறங்கும். கரை வழியே பக்கத்து வயலுக்கும் கசியும். நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைத் தாங்காது. உப்பைக் குறைக்க ஆழ்குழாய்க் கிணற்று நன்னீரை மிகுதியாக இறைத்தால், நிலத்தடியில் கடல் நீர் உட்புகும் அபாயமும் உண்டு.

பிறகு கழுவிவிடலாமே என்று சொல்வார்கள். கழுவலாம். வடிகால் வெட்டி, நன்னீரைத் தேக்கிப் பலமுறை வடிக்க வேண்டும். சோடியம் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழ வேண்டும். கோ 43, திருச்சி 1 போன்ற உப்பைத் தாங்கும் ரகங்களைப் பயிரிட வேண்டும். இத்தனைக்கும் நல்ல தண்ணீர் தேவை. கடலோரத்தில் அருமையானதே அதுதான். கேரளத்துப் பொக்காலி வயல்களில் நெல்லும் இறாலும் மாறி மாறி வருகின்றனவே என்றால், அங்கே தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவிய பிறகே நெல் விதைக்கிறார்கள். மோட்டார் வைத்து, போகத்துக்குப் போகம் உப்பு நீர் தேக்கும் குட்டைக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

குத்தகைக்காரர் நிலைத்திருப்பார் என்பதற்கும் உறுதி இல்லை. 1994-95-இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பல பண்ணைகள் மூடப்பட்டன. அந்நோய் கண்டால் பத்து நாட்களுக்குள் குட்டை முழுவதும் மடியக்கூடும். 2009-இல் வன்னமை இறாலுக்கு அனுமதி கிடைத்த பின் தொழில் மீண்டும் வளர்ந்தது. ஆனால், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பியிருந்தவர்கள் கலங்கினார்கள். தொழிலை விட்டுப் போகிறவர் தீவன மூட்டையை எடுத்துப் போவார்; உப்பை எடுத்துப் போகமாட்டார்.

இவை காரைக்காலை அடுத்த நாகப்பட்டினம் பகுதி மக்கள் அனுபவித்து அறிந்தவை. நடவும் அறுப்பும் போனதால் கூலி வேலை இழந்த பெண்களும் அங்கே போராடினார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், விவசாய நிலத்தை இறால் குட்டையாக மாற்றக்கூடாது என்று 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்றும் கூறியது. 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைப் பதிவைக் கட்டாயமாக்கியது.

ஆகவே, பக்கத்தில் குட்டை வெட்டும் பேச்சு எழுந்தவுடனே, வயல் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு உப்பு ஏறினால் அந்தச் சீட்டே சாட்சி. பதிவுச் சான்றைக் காட்டும்படி ஊரார் சேர்ந்து கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் பதில் வராது. தன் வயலைக் கேட்டு வருபவரிடம் விவசாயி மறுத்துவிடுவதே நல்லது. மூன்றாண்டுக் குத்தகைப் பணம் மூன்றாண்டில் செலவாகிவிடும். உப்பேறிய நிலம் பிள்ளைகள் காலம் வரை மலடாகக் கிடக்கும்.