டவர் யாருடையது?



லண்டனுக்குப் படிக்கப் போன தாத்தாவின் மகன் நேற்று வட்ஸ்அப்பில் கதைத்தான். "மாமா, என்ட ரூமில இருக்கிற பொடியனுக்கும் எனக்கும் ஒரே டவர்தானாம். ஆனா அவன் கட்டுற காசில பாதிதான் நான் கட்டுறன். இதுல ஏதும் ஏமாத்து இருக்கா?"

ஏமாற்று இல்லை. அவன் வைத்திருப்பது லெபாரா சிம். லெபாராவுக்கு அங்கே சொந்த நெட்வேர்க் கிடையாது. வொடபோனின் நெட்வேர்க்கை மொத்த விலைக்கு எடுத்துத் தன் பெயரில் விற்கிறது. லைக்காமொபைலும் அப்படித்தான். முன்பு ஓ2 நெட்வேர்க்கில் இருந்தது, பிறகு ஈஈக்கு மாறியது. இரண்டு கம்பனியையும் தொடங்கியவர்கள் எங்கட நாட்டுத் தமிழர்கள்.

ஒருவர் பெருங்காசு போட்டு அரிசி ஆலை கட்டுகிறார். இன்னொருவர் அதே ஆலையில் நெல்லைக் குற்றி, தன் பெயர் அடித்த பேக்கில் விற்கிறார். ஆலைச் செலவு இவர் தலையில் இல்லை. அதனால் விலையைக் குறைக்க முடிகிறது. நெட்வேர்க் கம்பனி அலைவரிசைக்கு அரசாங்கத்துக்குக் காசு கட்டுகிறது, டவரில் கருவி பூட்டுகிறது, ஊரூராகக் கடை திறக்கிறது. மலிவு சிம் கம்பனிக்கு இந்தச் செலவெல்லாம் இல்லை.

குறையும் உண்டு. ஆலை நின்றால் இவரும் நிற்பார். அமெரிக்காவில் நெரிசலான நேரத்தில் பல மலிவு பெக்கேஜ்களுக்கு வேகம் முதலில் குறையும். எல்லோரும் வாடகைக்காரராகவே இருந்தால் பின்தங்கிய கிராமத்துக்கு டவர் போட ஆளிருக்காது. ஆகவே இரு சாராரும் தேவை.

எங்கட நாட்டில் ஒரு சாரார்தான் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஐந்து கம்பனி இருந்தது. 2018இல் எடிசலாட் ஹட்ச்சோடு சேர்ந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது மிஞ்சியது மொபிடெல்லோடு மூன்று. மூன்றும் ஆலைக்காரர்கள்.

லண்டனில் 65075 என்ற இலக்கத்துக்கு ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பினால், நம்பரை மாற்றாமலே கம்பனி மாறுவதற்கான குறியீடு வரும். இங்கே அந்த வசதி பற்றிப் பல வருடமாகக் கதைக்கிறார்கள். பேங்கிலும் பாடசாலையிலும் கொடுத்த நம்பரை விட முடியாமல், விலை கூடினாலும் அதே சிம்மில் கிடப்பவர்கள் எத்தனை பேர்?

போன வாரம் ஏ.எல் பிள்ளை ஒன்று, நான் குரூப்பில் போட்ட பாட வீடியோவைப் பார்க்காமல் வந்தது. கேட்டேன். "டேட்டா முடிஞ்சி சேர், வாப்பா வெள்ளிக்கிழமதான் ரீலோட் போட்டுத் தருவாரு" என்றது. வீடியோ போட்ட எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று ஆலையையும் மூடச் சொல்லவில்லை. ஆலையை வாடகைக்கு எடுத்து மலிவாக விற்பவருக்கும் இடம் கொடுங்கள், நம்பரோடு மாறும் உரிமையைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். தொலைத்தொடர்பு ஆணைக்குழு செய்ய வேண்டிய வேலை இது.

உங்கட வீட்டில் பிள்ளைகளின் டேட்டாவுக்கு மாதம் எவ்வளவு போகிறது? கொமென்டில் எழுதுங்கள்.