பீப்பாய்க்குப் பொட்டு! தொழிலாளிக்கு விபூதி!

திருத்தணி மலைக்கு 365 படி என்றும், வருஷத்தில் நாளுக்கொரு படி என்றும் அவ்வூரில் சிறு பிள்ளையும் கணக்குச் சொல்லும். ஆனால், அம்மலைக்குக் கீழே நூலுக்குச் சாயம் போடும் ஒரு கொட்டகையில் நாம் நுழைந்து, “இந்த டப்பாவில் இருப்பது என்ன?” என்று கேட்டபோது, பல வருஷமாய் அதில் கைவைத்து வேலை செய்பவர்கள் “ஹைட்ரோஸ்ங்க” என்பதற்குமேல் ஒன்றும் சொல்லக் காணோம். ஈரம் பட்டால் அது என்ன செய்யும் என்றோம். சிரித்தார்கள். சரி, ஒட்டியிருக்கும் சீட்டையாவது படிக்கலாமென்றால், ஆயுத பூஜையன்று அப்பிய சந்தனமும் குங்குமமும் அந்தச் சீட்டின்மேலேயே காய்ந்து கிடந்தது! சுரண்டிப் பார்த்தோம். உள்ளே இருந்ததெல்லாம் இங்கிலீஷ். பூசியவர்மேல் நமக்குக் கோபமில்லை. படிக்க முடியாத காகிதம் பொட்டு வைக்கத்தானே உதவும்?

ஹைட்ரோஸ் என்பது சிறிது ஈரம் பட்டாலும் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய தூள். கந்தகப் புகையைக் கக்கி மூச்சை அடைக்கும். பக்கத்திலிருந்த காஸ்டிக் சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துக் கண்ணில் தெறிக்கும். தண்ணீரில்தான் அதைக் கொஞ்சங் கொஞ்சமாய்ப் போடவேண்டும். இந்த இரண்டு வாக்கியத்தைத் தமிழில் அச்சடித்து ஒட்டினால் எந்த முதலாளியின் சொத்து அழிந்துபோகும்?

வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்கக் கூடாது என்று விதித்த நாட்டில், இன்று விஷத்தின் குணத்தைத் தொழிலாளி கேட்கக் கூடாது என்கிறார்கள். அன்று ஏட்டில் பூட்டினார்கள். இன்று மானேஜர் அலமாரியில் பூட்டுகிறார்கள். கேட்டால், “சொன்னால் ஆட்கள் பயந்துகொள்வார்கள், கூலி அதிகம் கேட்பார்கள்” என்று பதில். கேட்கட்டுமே! உயிரைப் பணயம் வைப்பவனுக்குப் பணயம் இன்னதென்று தெரிய வேண்டாமா?

“எல்லாம் தலைவிதி” என்பார்கள் வைதிகர்கள். 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் வாயு கிளம்பி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றதே, அத்தனை பேருக்கும் ஒரே இரவில் ஒரே விதியா? வந்த வாயு இன்னது, அதற்குச் சிகிச்சை இன்னது என்பது ஊர் வைத்தியர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. அத்தனை பிணம் விழுந்த பிறகுதான், 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தைத் தொழிலாளிக்கும் ஊராருக்கும் தெரிவிக்கவேண்டுமென்று எழுதினார்கள். 1989-ல் செய்த விதிகளில், பாத்திரத்தின்மேல் சீட்டும் அதற்கொரு பாதுகாப்புத் தாளும் வேண்டுமென்றார்கள்.

போபால் தூரம் என்பவர்கள் நம் பக்கத்து இராணிப்பேட்டையைப் பார்க்கட்டும். 2015 ஜனவரி 31-ந் தேதி அதிகாலையில், தோல் கழிவு தேங்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டார்கள். அதில் 9 பேர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவருக்கு அப்பால் இருப்பது இன்னதென்று அவர்கள் பாஷையில் அவர்களுக்குச் சொன்னவர் யார்? ஆதலால் நாம் கேட்பது தமிழுக்காக மட்டுமல்ல. ஆட்கள் இருக்குமிடத்தில் வங்காளியிலும் இந்தியிலும், நம் எல்லையில் தெலுங்கிலும் எழுதியாகவேண்டும்.

எழுத்தே தெரியாதவர் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் வெளியிட்ட முறையில், சிவப்புக் கட்டத்துக்குள் ஒன்பது படங்கள் இருக்கின்றன. மண்டை ஓடு என்றால் கொல்லும் விஷம். தீ என்றால் பற்றும். கையின்மேல் திரவம் சொட்டினால் சதையை அரிக்கும். மனிதன் மார்பில் நட்சத்திரம் தெறித்தாற்போலிருந்தால், நாளாவட்டத்தில் புற்றுநோய் போன்ற கேடு செய்யும். எது நாமம், எது பட்டை, அதில் எது வடகலை, எது தென்கலை என்று ஒரு பர்லாங்கிலிருந்தே பிரித்துச் சொல்லும் நம் மக்களுக்கு, இந்த ஒன்பது குறிகளைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதாதா?

தோழர்களே! அடுத்த ஆயுத பூஜைக்குக் காத்திராமல், நாளைக்கே ஈரமில்லாத துணியால் அந்தச் சீட்டைத் துடையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புத் தாளைக் காட்டும்படி முதலாளியைக் கேளுங்கள். காட்ட மறுத்தால், என்ன காரணம் சொல்லி மறுத்தார் என்பதை அப்படியே நமக்கு எழுதியனுப்புங்கள்; வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.