பரிகாரம் யார் கொடுப்பது?

ஒருவன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். மனைவி தலையிலடித்துக்கொண்டு அழுகிறாள். ஜோசியன் வருகிறான், ஜாதகத்தைப் புரட்டுகிறான், "தோஷம், பரிகாரம் செய்ய வேண்டும்" என்கிறான். பணம் யார் கொடுப்பது? அழுகிறவளே கொடுக்க வேண்டுமாம்! கண்மூடித்தனமாய் ஓட்டிய லாரிக்காரனைப் பற்றி ஒரு பேச்சாவது உண்டா? கிடையாது. எல்லாம் விதி!

தோழர்களே! அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவளிடம் அபராதம் வாங்கும் கோர்ட்டு உலகில் எங்கேயாவது உண்டா? இருந்தால் அதை நியாய ஸ்தலம் என்பீர்களா, கொள்ளைக்கூடம் என்பீர்களா?

இனி மனிதன் செய்த சட்டத்தைப் பாருங்கள். வருமான நஷ்டம் வேறு. வாழ்க்கைத் துணையை இழந்ததற்கே தனியாக ரூ. 40,000 என்று 2017இல் சுப்ரீம் கோர்ட்டு நிர்ணயித்தது. மூன்றாண்டுக்கொரு முறை அது நூற்றுக்குப் பத்து வீதம் உயரவேண்டும் என்றும் சொல்லிற்று. 1993இல், வீடு தராமல் இழுத்தடித்த லக்னோ அபிவிருத்தி அதிகார சபை வழக்கில், மனவேதனைக்கு ரூ. 10,000 கொடுக்கவும், அதைப் பொறுப்பான உத்தியோகஸ்தர்களிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது. தாழ்த்தப்பட்டவரைப் பலரறியச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால், குற்றவாளிக்குத் தண்டனை, பாதிக்கப்பட்டவருக்கு ரூ. 1 லட்சம் நிவாரணம் என்கிறது 2016ஆம் ஆண்டு விதி. அந்த அவமானத்தைச் சாஸ்திரம் "பூர்வ ஜென்ம கர்மம்" என்றது; சட்டம் "குற்றம்" என்றது. எதற்கு யோக்கியதை அதிகம்?

"கண்ணீருக்கு விலை போடலாமா?" என்று பண்டிதர்கள் கேட்கிறார்கள். செவ்வாய் தோஷத்துக்கு இவ்வளவு, நாக தோஷத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லுகிறவர்கள் கேட்கிற கேள்வியா இது? இல்லாத தோஷத்துக்கு விலை உண்டு, இருக்கிற துன்பத்துக்கு இல்லையோ?

பணம் போன உயிரைத் திருப்பாது. அது நமக்கும் தெரியும். ஆனால் பிறர் மனத்தை நோகடித்தால் கைப்பணம் போகும் என்று தெரிந்தவன், அடுத்த முறை யோசிப்பான். "விதி" என்று நாம் சொல்லிவிட்டால் அவன் ஏன் யோசிக்கப் போகிறான்?

ஒன்று மறவாதீர்கள். விபத்து நஷ்டஈட்டு மனுவுக்கு, 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. திதியும் தோஷமும் பார்த்துக் கொண்டிருந்தால் கெடு போய்விடும். உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால், ஜோசியனுக்கு முன்னே நீங்கள் போய்ச் சேருங்கள். "எங்கே பரிகாரம் செய்வது?" என்று அந்தத் தாய் கேட்டால், கோவிலைக் காட்டாதீர்கள், கோர்ட்டுக்கு வழி காட்டுங்கள்!